அப்பா வரும் தேதி

பெரிய ஆஸ்பத்திரியின் நடைபாதைப் பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைகள் என்று கை தானாக எழுதிவிட்டது. நமக்கு இப்போது நாற்பது நெருங்குகிறது. போன மாதம் எனக்கு வாசிப்பதற்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். கண்ணாடிக் கடைக்காரர், "வயசாகுதுல்ல மேடம்" என்றார். நான் சிரித்ததைப் பார்த்துக் குழம்பிப்போனார். நமக்கும் வயதாகும் என்று அன்றைக்கு யாரும் நம்மிடம் சொல்லியிருக்கவில்லை.

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய புதிது அது. மாதம் ஒரு தேதி கொடுப்பார்கள். அந்தத் தேதியில் போனால் எடை பார்த்து, நாக்கைப் பார்த்து, அடுத்த மாதத்துக்கான மாத்திரை தருவார்கள். நோயின் பெயரை நம்மில் எவருக்கும் வீட்டில் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு கதை சொல்லிக் கூட்டிவந்தார்கள். யாருக்கு என்ன கதை என்று எழுதிவைக்கலாமே என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். என் பங்கு இது. நான் நாள்தவறாமல் எழுதுகிறவள்தான், ஆனால் அந்தப் பழக்கம் பின்னால் வந்தது. அந்தப் பருவத்துக்கு என்னிடம் குறிப்பு கிடையாது. நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்றே சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொல்லப்பட்ட காரணம் அப்பா.

அப்பா போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவர். வண்டி வடக்கே போனால் பல மாதம் கழித்துத்தான் திரும்பும். வரும்போது தலைமுடி, புருவம், இமை எல்லாம் கல்மாவு படிந்து வெள்ளையாக இருப்பார். குளித்த பிறகும் காது மடலுக்குப் பின்னால் அது இருக்கும். நான் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு மாதிரி இருக்காது. ருசியே இருக்காது, நாக்கு மட்டும் வறண்டுபோகும். எனக்கு எட்டு வயதாகும்போது அவர் மெலிந்து வந்து, கொடிக்காலைப் பார்த்த அறையில் படுத்து, அங்கேயே இறந்துபோனார். காய்ச்சல் என்றார்கள்.

சோழவந்தான் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கொடிக்கால் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வெற்றிலைத் தோட்டம். அகத்தியை நெருக்கமாக வளர்த்து, அதன்மேல் கொடியை ஏற்றிவிடுவார்கள். உச்சி வெயிலிலும் உள்ளே இருட்டு. கால் வைத்தால் சில்லென்று சேறு. வெளியே கண் கூசும் வெயிலில் நின்றுகொண்டு உள்ளே பார்த்தால், வரிசை வரிசையாகப் பச்சைச் சந்துகள் போய் ஒன்றும் தெரியாமல் முடியும். எங்கள் வீட்டின் பின்வாசல் அதில்தான் திறக்கும். அப்பா போன பிறகு நானும் அம்மாவும் அந்த வீட்டில் பெரியப்பா, பெரியம்மா தயவில் இருந்தோம்.

எனக்குப் பதினொரு வயதில் இருமல் நிற்கவில்லை. சளியில் கிருமி என்றார்கள். அதற்கு மருந்து தொடங்கும்போது ரத்தத்தையும் பார்த்து, எனக்கும் அம்மாவுக்கும் மற்றதும் இருப்பதைச் சொல்லிவிட்டார்கள். மாத்திரை உடனே வேண்டியது எனக்குத்தான், அம்மாவுக்குப் பின்னால்தான் தொடங்கினார்கள். எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில், இதே நோய் என்று தெரிந்த ஒரு பெண்ணை மாட்டுக்கொட்டகையில் படுக்க வைத்து, அவள் சாப்பிட்ட தட்டை ஆற்றில் எறிந்திருந்தார்கள். அம்மா அதைக் கண்ணால் பார்த்தவள். அன்று பஸ்சில் திரும்பி வைகைப் பாலத்தைத் தாண்டும்போது அவள் முடிவு செய்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மாவிடம் சொன்னாள்:

"பிள்ளைக்குச் சளி மட்டும் இல்லையாம்க்கா. அவுக அப்பா பிடிச்சிருக்காராம். விட மனசு வரலையாம். ஆரப்பாளையத்துல ஒருத்தரு பாத்துச் சொன்னாரு. மாசாமாசம் வந்து கயிறு மாத்தணுமாம்."

எனக்கும் அதையேதான் சொன்னாள், கொஞ்சம் கூட்டி. "அப்பா ஒன்னயக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு பாப்பா. ராத்திரி எட்டு மணிக்கு இத முழுங்கிட்டா அவரு கூப்பிடுறது ஒனக்குக் கேக்காது. முழுங்கலன்னா கேக்கும். கேட்டா நீ போயிருவ."

ஒரே பொய், வீட்டுக்கும் எனக்கும். அன்றைய நிலையில் அது நல்ல பொய்தான். ஒருவரும் சந்தேகப்படவில்லை.

தேதி வந்தால் வயர்கூடையை எடுத்துக்கொண்டு புறப்படுவோம். சிவப்பும் வெள்ளையுமாகப் பின்னிய கூடை, ஒரு கைப்பிடி அறுந்து முடிச்சுப் போட்டது. ஆரப்பாளையத்தில் இறங்கி டவுன் பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போவோம். திரும்பும்போது ஆரப்பாளையம் பஸ்ஸ்டாண்டு வாசலில் ஒரு கறுப்புக் கயிறு, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு பொட்டலம் குங்குமம் வாங்குவாள். தண்ணீர்க் குழாயடியில் நின்று பழத்தை நகத்தால் பிளந்து, குங்குமத்தைத் திணித்து, இரண்டு கட்டைவிரலாலும் நசுக்கி, யாரோ மந்திரித்துக் கொடுத்தது மாதிரி ஆக்குவாள். மாத்திரை டப்பாவைக் கூடையின் அடியில் வைத்து அதன்மேல் பழத்தை வைப்பாள். குங்குமம் பட்ட எதையும் எங்கள் வீட்டில் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். என் மணிக்கட்டில் பழைய கயிற்றை அறுத்துப் புதியதைக் கட்டும்போது அவள் வாய் முணுமுணுக்கும். என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பெரியம்மா விடமாட்டாள். "அம்புட்டு சக்தியுள்ளவன் ஒரே தடவையில ஓட்ட வேண்டியதுதானடி. என்ன, டிவிக்குத் தவணை கட்டுற மாதிரி மாசாமாசம் போறீக."

பெஞ்சில் நாம் பேசிக்கொண்டது உங்களில் இரண்டு பேருக்காவது நினைவிருக்கும். இரட்டைச் சடை போட்ட பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்டாள்.

"ஒனக்கு என்ன?"

"எங்கப்பா."

"அப்பா ஒரு சீக்கா?"

"செத்துப்போயிட்டாரு. கூப்பிடுறாரு. மாத்திரை போட்டாக் கேக்காது."

அவள் யோசித்தாள். "எனக்கு நெஞ்சுல ஓட்டை. மாத்திரை போய் ஓட்டைய அடைக்கும்."

காதில் பஞ்சு வைத்திருந்த ஒரு பையன் எட்டிப் பார்த்து, "பேய் பிடிச்சா பேய்க்குல்லடி மாத்திரை குடுக்கணும், ஒனக்கு ஏன் குடுக்குறாக?" என்றான். பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மாத்திரை கொடுக்கும் சன்னலுக்குள் இருந்த நர்ஸ் அக்காவுக்கும் அந்தச் சிரிப்பு கேட்டது. வெளியே வந்து என்னை அருகே இழுத்து நிறுத்தி, அம்மாவையும் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அப்பாவோ ஓட்டையோ, ஒங்க வீட்டுல எதச் சொன்னாலும் சரி. எட்டு மணின்னா எட்டு மணி. தேதின்னா தேதி. விட்டு விட்டுப் போட்டா இந்த மருந்து ஒனக்கு வேல செய்யாமப் போயிரும். இதுக்கு அடுத்த மருந்து எங்ககிட்ட இல்ல பாப்பா. இது ஒண்ணுதான்."

அம்மா தலையாட்டினாள். நானும் தலையாட்டினேன். நோயின் பெயர் தெரியாவிட்டாலும், அந்த அக்கா பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

இனி அப்பா வந்ததைச் சொல்ல வேண்டும்.

மாத்திரை தொடங்கிய முதல் வாரத்திலேயே வந்தார். எட்டு மணிக்கு விழுங்கினால் கொஞ்ச நேரத்தில் தரை ஒரு பக்கமாகச் சாயும். பாயைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவேன். மூடியதும் பகல். எப்போதும் உச்சிப் பகல். பின்வாசல் திறந்திருக்கும். கொடிக்காலுக்குள், சந்தின் நடுவில், அப்பா துளை போட்டுக்கொண்டிருப்பார். வண்டி இல்லை, இரைச்சல் இல்லை. தலைமுதல் கால்வரை கல்மாவு. நீளமான இரும்பு ராடு ஒன்றை மண்ணுக்குள் இறக்கிவிட்டு, அடுத்ததை எடுத்து அதன்மேல் பொருத்துவார். என்னைப் பார்த்ததும், "இன்னும் ரெண்டு ராடுதான் பாப்பா, தண்ணி வந்துரும்" என்பார். மறுநாளும் அதே இடம். அதே பேச்சு. ஆனால் துளை முந்தின நாளைவிட ஆழம் என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். "எட்டிப் பாரு" என்பார். நான் பின்வாசல் படியைவிட்டு இறங்க மாட்டேன். ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரு படி கீழே நின்றுகொண்டிருந்தேன்.

பயம் இல்லாமல் இல்லை. ஆனால் மூன்று வருடம் பார்க்காத அப்பா. பகலெல்லாம் எட்டு மணிக்காகக் காத்திருந்தேன் என்பதும் உண்மை.

ஒரு நாள் காலையில் அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா தினமும் வாராரும்மா."

"சும்மா இரு. மாத்திரை போட்டா வர மாட்டாரு."

"போட்டாத்தான் வாராரு."

உரித்த வெங்காயத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்ன உடுத்தியிருந்தாரு?"

"காக்கிக் கால்சட்டை. இடது முட்டியில நீலத்துணி ஒட்டுப் போட்டது."

அம்மா எழுந்து, பின்வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மிகவும் மெதுவாகச் சொன்னாள்: "அந்த ஒட்டு நான் போட்டது. நீ பொறக்குறதுக்கு முந்தி. அந்தக் கால்சட்டை வடக்கயே தொலஞ்சு போச்சு."

அன்று இரவு மாத்திரையை நீட்டும்போது அவள் கை ஒருமுறை மூடிக்கொண்டது. ஆனாலும் கொடுத்தாள். அவள் கட்டிய பொய் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். ஆஸ்பத்திரியில் சொல்லலாம் என்றால், பிள்ளையிடம் பேய்க்கதை சொன்னதைச் சொல்ல வேண்டும். வீட்டில் சொல்லலாம் என்றால், எதைச் சொல்வாள்? யாரிடமும் கேட்க முடியாமல், தானே உண்டாக்கியதற்குத் தானே பயந்துகொண்டு, தினமும் எட்டு மணிக்கு எனக்கு அதைக் கொடுத்தாள். இந்த வயதில் நினைத்துப் பார்த்தால் எனக்கு உடம்பு கூசுவது அப்பாவை நினைத்து அல்ல, அம்மாவின் அந்தக் கையை நினைத்து.

அப்படி ஆறு மாதம் போனது. தேதி தவறவில்லை. என் எடை கூடியது. பிறகு எங்கள் ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள்.

எங்கள் ஊரில் காப்புக் கட்டினால் பதினைந்து நாள் திருவிழா. அதற்குள் ஊர் எல்லையைத் தாண்டுவதை ஊர்க்காரர்கள் கூடியவரை தவிர்ப்பார்கள். நேர்த்திக்காகக் கையில் காப்புக் கட்டிக்கொண்டவர் வீட்டாருக்கு அது கண்டிப்பு. அந்த வருடம் பெரியப்பாவுக்கு அக்கினிச்சட்டி நேர்த்தி. மஞ்சள் துணியில் காப்புக் கட்டி, வேட்டி நனைய நனையக் குளித்து, ஒருவேளைச் சாப்பாடு. எங்கள் தேதி காப்புக் கட்டிய மூன்றாம் நாள், வியாழக்கிழமை. கிழமையில் சந்தேகமில்லை, நமக்கு அப்போது வியாழன்தான்.

அம்மாவும் பெரியப்பாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். தம்பி மனைவி அப்படித்தான். இருவரும் பெரியம்மாவிடம் சொல்வதுபோல் பேசுவார்கள். பெரியப்பா முற்றத்திலும், அம்மா அடுப்படியிலும், நடுவில் பெரியம்மா முறத்தோடும்.

"அக்கா, வியாழக்கிழமை போயே ஆகணும்க்கா. தேதி குடுத்துருக்காக."

பெரியம்மா முறத்தைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். "கயிறு கட்டுறவன் தேதி வேற குடுக்குறானா? டாக்டரு மாதிரியில்ல இருக்கு."

நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உதடு ஒருமுறை பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"அவகிட்டச் சொல்லு" என்றார் பெரியப்பா. "இது காப்புக் கட்டுன வீடு. பேயோட்ட எல்லை தாண்டிப் போனா ஆத்தாளுக்கு என்ன மரியாதை? நம்ம ஆத்தாளவிடப் பெரியவனா டவுனுக்காரன்? பிள்ளைய இங்கயே பாத்துருவோம்."

மறுநாள் எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி. அந்த வீட்டுக்காரரும் காப்புக் கட்டியவர். பெரியப்பாவே ஓடிப்போய் வேன் பிடித்து, அவள் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, "ஆசுபத்திரிக்குன்னா ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா, போங்க போங்க" என்று எல்லைவரை அனுப்பிவைத்தார். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நோய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எங்களையும் அனுப்பியிருப்பார். பேய் என்று சொன்னதால்தான் வழி அடைபட்டது. ஆனால் நோய் என்றால் அடுத்த கேள்வி என்ன நோய் என்பது. அம்மா ஜன்னலைவிட்டு வந்துவிட்டாள்.

வியாழன் போனது. கைவசம் கூடுதலாக இருந்த மாத்திரைகளும் தீர்ந்தன. அம்மா டப்பாவைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டிப் பார்த்தாள். எட்டு மணியானால் வெறும் தண்ணீர் கொடுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "குடி" என்றாள்.

நான் காத்திருந்தேன். அம்மா சொன்னபடி மாத்திரை நின்றால் அப்பா கூப்பிடும் சத்தம் கேட்க வேண்டும். முதல் இரண்டு நாள் அவர் வந்தார், ஆனால் கொடிக்காலின் உள்ளே தள்ளி, வெள்ளையாக மட்டும் தெரிந்தார். அதற்குப் பிறகு வரவில்லை. சந்துகள் காலியாக இருந்தன. பிறகு சந்துகளும் இல்லை. வெறும் தூக்கம். உடுக்கையடித்துக் குறி சொல்லும் கோயில் கோடாங்கி தினமும் வந்து எனக்கு விபூதி போட்டுக்கொண்டிருந்தார். நான் நன்றாகத் தூங்குவதைப் பார்த்துப் பெரியம்மா ஊரெல்லாம் சொன்னாள்: "ராத்திரி பொலம்பல் இல்ல. ஆத்தா வெரட்டிட்டா."

பெரியப்பாவுக்குப் பெருமை. "அவகிட்டச் சொல்லு. இனிமே டவுனுக்கு அலைய வேணாம். கோயில்ல பிள்ளைய நிறுத்தி, போயிட்டானான்னு ஒரு வார்த்தை கேட்டுருவோம். போயிட்டான்னா அதோட முடிஞ்சுது."

முடிந்தது என்றால் என்ன என்று அம்மாவுக்குத் தெரியும். அன்று அவள் சாப்பிடவில்லை. என் தலையை வாரிவிடும்போது சீப்பைத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் இழுத்தாள். நான் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்தால் ஆத்தாள் முன் பொய் சொல்லச் சொன்னதாகும் என்று நினைத்தாளோ என்னவோ. வாரி முடித்துவிட்டு, "நர்ஸ் அக்கா சொன்னது ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

காப்புக் கட்டிய பதின்மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுது. கோயில் வாசலில் மணல் சுட்டது. பெண்கள் முளைப்பாரிச் சட்டிகளை வரிசையாக நிழலில் வைத்திருந்தார்கள். வெயில் படாமல் வளர்ந்த அந்தப் பயிர் வெளிறிய மஞ்சளாக, காற்றில்லாத இடத்தில் தானாக அசைவது மாதிரி இருந்தது. கோடாங்கி உடுக்கையை அடித்தார். என்னை நடுவில் நிறுத்தினார்கள். பெரியப்பா எனக்கு நேரெதிரே, காப்புக் கட்டிய கையைக் கூப்பியபடி நின்றார். அம்மா கூட்டத்தின் ஓரத்தில், சேலைத் தலைப்பை வாயில் திணித்திருந்தாள்.

"சொல்லு தாயி" என்றார் கோடாங்கி. "அப்பன் வாரானா, போயிட்டானா?"

போய்விட்டார் என்பதுதான் உண்மை. அவர் வராமல் பல நாள் ஆகியிருந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று நினைக்கிறேன். இதில் எனக்கு நிச்சயமில்லை. வாயைத் திறந்ததும் நாக்கு வறண்டது. மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ருசியே இல்லாத அந்த வறட்சி.

"அண்ணே" என்றேன்.

உடுக்கை நின்றது. பெரியப்பாவை அப்படிக் கூப்பிட அந்த வீட்டில் ஒருவர்தான் இருந்தார்.

"அண்ணே, என் பிள்ளைய ஏன்ணே மறிக்கிற? நான் எங்கயும் போகல. அது போற எடத்துக்கு அத அனுப்பு. தேதி தவறிப்போச்சுண்ணே."

இவ்வளவுதான் சொன்னதாகப் பெரியம்மா பின்னால் சொன்னாள். குரல் அப்பாவுடையது என்றாள். கூட்டத்தில் நின்ற வேறு சிலரும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது "அண்ணே" என்ற முதல் சொல்லும், பெரியப்பாவின் முகமும்தான். வெயிலில் அப்படியே நின்ற அந்த முகத்தில் தாடை மட்டும் ஆடியது. நான் நடித்தேனா, பயத்தில் உளறினேனா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை எனக்கே நான் பதில் எழுதிக்கொண்டதில்லை.

பெரியப்பா மணலில் உட்கார்ந்துவிட்டார். "நாளைக்குக் காலையில கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்றார்.

கோடாங்கிக்குக் கோபம். "காப்புக் கட்டுன வீடுப்பா."

"என் தம்பி கேட்டுட்டான்யா."

திங்கட்கிழமை காலையில் எல்லைக்கல்லில் ஒரு பழத்தை அறுத்து வைத்து, எங்களைப் பஸ் ஏற்றிவிட்டுப் பெரியப்பா திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா அம்மாவைப் பிடித்து உலுக்காத குறை. "எத்தனை நாளும்மா? பத்து நாளா? ஒரு போன் போட்டிருக்கலாம்ல? இந்த மருந்து வேல செய்யாமப் போச்சுன்னா நான் எங்க போய் வேற மருந்து வாங்குறது?" ரத்தம் எடுத்து, காத்திருக்க வைத்து, டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். சளி மருந்துக் காலம் முடிந்துவிட்டது, அதனால் இரவு மாத்திரையை இனி மாற்றிவிடலாம் என்றார். பிறகு எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"கனவு வருதா பாப்பாவுக்கு?"

அம்மா திடுக்கிட்டாள். "கனவா?"

"இந்த மாத்திரை போட்டா சிலருக்கு வரும். நேர்ல நடக்குற மாதிரியே இருக்கும். செத்தவங்க வருவாங்க, பேசுவாங்க. தல சுத்தும். மொதல்லயே சொல்லியிருப்பாங்களே, எட்டு மணிக்குப் போட்டுட்டுப் படுத்துறணும்னு. மருந்தோட கொணம் அது. மாத்துனா நின்னுரும்."

அம்மா வெளியே வந்து தூணில் சாய்ந்து, தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் தலைப்பை விலக்கினால் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு நிற்கவில்லை. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பஸ்சில் பாதி வழி வந்த பிறகுதான் சிரிப்பு அடங்கியது. என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "அப்ப அந்த முட்டி ஒட்டு?"

அதற்கு டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புது மாத்திரையில் அப்பா வரவில்லை. எட்டு மணிக்கு விழுங்கிவிட்டுத் தரை சாயுமா என்று பார்ப்பேன். சாயாது. அவருக்காகப் பழைய மாத்திரையைக் கேட்டு ஒருநாள் அழுதேன். அம்மா அடிக்கவில்லை, திட்டவில்லை. "வீட்டுல வாராருன்னே சொல்லு பாப்பா" என்றாள். "வரலன்னா நம்மள தேதிக்கு விட மாட்டாக."

அப்படித்தான் அவரை நான் நடத்திக்கொண்டு போனேன். ஒவ்வொரு மாதமும் தேதிக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் பல் விளக்கும்போது, பெரியம்மா காதில் விழும்படி, "அப்பா வந்தாரு" என்பேன். அவ்வளவுதான், பயணத்துக்கு அனுமதி. நான் எதிர்பார்க்காதது பெரியப்பாவை. என்னைக் கொடிக்கால் வரப்புக்குக் கூட்டிப்போய், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளையிடம் கேட்கும் குரலில் இல்லாமல், வேறு குரலில் கேட்பார்.

"என்னத்தா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல பெரியப்பா. நின்னாரு."

"எளச்சிருக்கானா?"

"இல்ல. நல்லா இருக்காரு."

"கெழக்க இருக்குற பாத்தியில நோவு விழுந்துருக்கு. கொடியப் பிடுங்கிரலாமான்னு கேளு. அவனுக்கு அது தெரியும்." அடுத்த மாதம் பதிலுக்காகக் காத்திருப்பார். நான் ஏதோ ஒன்று சொல்வேன். சொன்னபடி செய்வார். அந்தப் பாத்தி அந்த வருடம் பிழைத்துக்கொண்டது.

மூன்றாவது வருடமோ நான்காவதோ, ஒரு மாதம் நான் சொல்ல மறந்துவிட்டேன். எனக்கு முழுப்பரீட்சை. அம்மாவுக்குக் கல்யாண மாதத்தில் வெற்றிலை கிள்ளும் வேலை, விடியுமுன் கொடிக்காலுக்குள் போனால் இருட்டியபின்தான் வருவாள். மாத்திரை தீரும் நாள் எங்கள் இருவருக்குமே நினைவில் இல்லை. நாம் யாரும் அதைச் செய்யக் கூடாது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நடந்தது.

அன்று அம்மா கிள்ளப் போகாமல் வீட்டிலிருந்து வெற்றிலைக் கட்டு கட்டுவதற்கு வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தாள். காலை வெயில் அப்போதுதான் பின்வாசலில் ஏறியது. பெரியப்பா கொடிக்காலுக்குள்ளிருந்து வந்தார். படியில் கால் வைக்காமல் கீழேயே நின்றார். முகம் கழுவியதுபோல் வேர்த்திருந்தது. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கெளம்பலையாத்தா?"

"எங்க பெரியப்பா?"

"டவுனுக்கு. இன்னைக்குத்தான தேதி?"

அம்மாவின் கை நாரில் அப்படியே நின்றது. நான் அந்த மாதம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அந்த மாதத் தேதியை அம்மாவும் வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை.

"ஒங்களுக்கு யாரு சொன்னா?"

பெரியப்பா தலையைத் திருப்பித் தான் வந்த சந்தைப் பார்த்தார். "தம்பி வந்தான். ஒங்க ரெண்டு பேருக்கும் மறந்துபோச்சாம். சன்னல் சாத்துறதுக்குள்ள போயிரணும்னான்." மாத்திரை கொடுக்குமிடம் ஒரு சன்னல் என்பதை நாங்கள் வீட்டில் சொன்னதில்லை.

எல்லாம் தெரிந்துதான் இத்தனை வருடம் எங்களை அனுப்பிக்கொண்டிருந்தாரா? யாரையாவது விட்டு விசாரித்தாரா? ஒருநாள் பின்னாலேயே பஸ் ஏறி வந்து, நம் பெஞ்சைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போனாரா? இல்லை, அவர் சொன்னது சொன்னபடியேதானா? கேட்கத் துணிவதற்குள் அவர் காலமாகிவிட்டார். இப்போது திருநகரில் என்னோடு இருந்து, என்னோடு எட்டு மணிக்கு மாத்திரை போடும் அம்மா, அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அன்றைக்கு எங்களுக்கு யோசிக்க நேரமில்லை. அம்மா நாரை அப்படியே போட்டுவிட்டுக் கை கழுவாமல் எழுந்தாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடினேன். பஸ்சை நிறுத்தி வைத்திருந்தார்கள். அம்மா கண்டக்டரிடம் சில்லறை கொடுத்துக்கொண்டே கேட்டாள், யார் நிறுத்தச் சொன்னது என்று.

"வெள்ளை அடிக்கிறவரு போல, மேலெல்லாம் வெள்ளையா ஒருத்தரு" என்றார் கண்டக்டர். "ரெண்டு பேரு ஓடியாராக, நில்லுங்கன்னாரு. ஏறலையேம்மா அவரு?"

அம்மா என்னை உள்பக்கமாக உட்காரவைத்து, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சன்னல் சாத்துவதற்குள் போய்ச் சேர்ந்தோம்.